உலர்பனி, ஒன்பது கிலோ

சரக்குப் பிரிவில் எனக்கு இரவுப் பணி.
இன்றைக்கு மட்டும் ஆள் மாற்றிக்கொள் என்றார் மேலாளர்.
மாட்டேன் என்றேன்.

குவாமிலிருந்து ஹொனலுலு:
சூரை மீன் நாற்பது பெட்டி,
தபால் மூட்டை பதினொன்று,
ஒரு வெள்ளைப் பெட்டி.
பொருள்: மனிதத் திசு. தொற்று இல்லை.
உலர்பனி, ஒன்பது கிலோ.
மதிப்பு என்ற கட்டத்தில்
'வணிக மதிப்பு ஏதுமில்லை' என்று எழுதுவது விதி.
எழுதினேன்.

பெயர் எழுதக் கட்டம் இல்லை, எண் மட்டும்.
எலியாஸ் கினாட்டா.
என் அண்ணன்.
உமாட்டக் குடாவில் வீச்சுவலையை
முழுநிலாபோல் விரித்தவன்.

முதலில் சுண்டுவிரல்.
அப்புறம் முகம் சிரிப்பை மறந்தது.
அப்புறம் வாசற்படி.
அதன் முன்னால் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்,
அரைமணி நேரம் நிற்பான்,
அலை வரட்டும் என்று காத்திருப்பவனைப்போல.
ஒருநாள் பக்கத்துவீட்டுப் பையன்
எலுமிச்சங்காய் எறிந்தான், சும்மா, விளையாட்டுக்கு.
பட்டென்று பிடித்துவிட்டான் எலியாஸ்!
பிடித்த கை அப்படியே நின்றது
நாங்கள் போய்க் காயை எடுக்கும்வரை.

எங்களிடம் இதற்கு இரண்டு சொல் உண்டு.
தசை கரைந்தால் லிட்டிகோ.
உடம்பு உறைந்தால் போடிக்.
சில வீடுகளில் இரண்டும் ஒரே கட்டிலில் படுத்தன.

கிணற்றைச் சோதித்தார்கள். மண்ணைச் சோதித்தார்கள்.
ரத்தக் கால்வழியைக் கோடு போட்டுப் பார்த்தார்கள்.
கடைசியாக வந்த மார்கிட்
ஃபடாங் மரத்தடியில் மண்டியிட்டுத் தோண்டினார்.
பனைபோல் நிற்கும், பனை அல்ல.
அதன் கொட்டையை நாள்கணக்கில் ஊறவைத்து
தண்ணீர் மாற்றி மாற்றித்தான் மாவாக்குவோம்.
முதல் தண்ணீரைக் குடித்தால் கோழி சாகும்,
அது எங்களுக்குத் தெரியும்.
வேரைப் பற்றித் தெரியாது.

பவழம்போல் கிளைத்த வேர்.
குறுக்கே நறுக்கினார்:
நீலப்பச்சையாய் ஒரு மெல்லிய வளையம்.
கண்ணாடியின் கீழே கோத்த மணிகள்.
"உலகத்தின் முதல் மூச்சுக்காற்றை
உண்டாக்கியவை இவற்றின் முன்னோர்" என்றார்,
ஏதோ சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவதுபோல.
அவை செய்யும் ஓர் அமிலம்
வேரிலிருந்து விதைக்கு,
விதையிலிருந்து பழந்தின்னி வௌவாலுக்கு.
மூளையில் புரதம் கோக்கும் நூலில்
செரின் உட்காரவேண்டிய இடத்தில்
முகம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.
வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கலாம்.

லாம், லாம்.
அந்த விகுதியைக் கைப்பைபோல
எங்கும் தூக்கிக்கொண்டு திரிந்தார் மார்கிட்.
ஓர் ஆய்வகத்துக்குக் கிடைத்தது,
இன்னொன்று தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது
என்பதையும் அவரேதான் சொன்னார்.
அதனால்தான் அவரை நம்பினேன்.

திருவிழாவுக்குத் தேங்காய்ப்பாலில் வௌவால் வேகும்,
முழுசாக, ரோமம் சிறகு எல்லாம் சேர்த்து.
தலை எலியாஸுக்கு.
நான் மூக்கைப் பொத்திக்கொண்டு
கொல்லைக்கு ஓடிவிடுவேன்.
காப்பாற்றியது என் மூக்கா?
ஐம்பத்தொன்றுக்குப் பின் பிறந்தவர்களிடம்
ஏறக்குறைய இந்த நோயே இல்லை என்கிறார்கள்.
நான் நாற்பத்தொன்பது.
கையெழுத்துப் போடும்போதெல்லாம்
சுண்டுவிரலைப் பார்க்கிறேன்.

வாய் குழறத் தொடங்கும் முன்பே
தாளில் ஒப்பமிட்டிருந்தான் அவன்.
"எனக்குப் பயன்படாத மண்டை
யாருக்காவது ஆகட்டும்" என்றான்.
நேற்று, திங்கள், இரவு ஒன்பதுக்கு இறந்தான்.

விமானம் செவ்வாய் காலை ஆறரைக்குக் கிளம்பும்.
நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டும்.
திங்கள் மாலை ஆறுக்கு ஹொனலுலுவில் இறங்கும்.

இருபது வருஷமாக இந்த நேரத்தை
சீட்டுகளில் நிரப்புகிறேன்.
இன்றைக்குத்தான் பேனா நின்றது.

திங்கள் மாலை ஆறு மணிக்கு
நான் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.
இரண்டு கரண்டி இறங்கியது.
மூன்றாவதை வாயிலேயே வைத்துக்கொண்டு
ஜன்னலைப் பார்த்தான்.

'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறியை
பெட்டியில் ஒட்டினேன்.
கொஞ்சம் கோணல்.
உரித்து, மறுபடி ஒட்டினேன்.