ஒற்றைக் காலில்

யோகொத்தே ஊரில் பிப்ரவரி.
கூரைப் பனியை இறக்க வரும் ஆட்களுக்கு
தடவைக்கு முப்பதாயிரம் யென்.
இந்தக் குளிருக்கு இது மூன்றாம் தடவை.
ஓய்வூதியம் இரட்டைப்படை மாதங்களில்தான் வரும்,
பதினைந்தாம் தேதி.
பனிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

விவசாயக் கூட்டுறவு வங்கியின் கவுண்டரில்
முப்பத்தோரு வருடம்
அடுத்தவர் பணத்தை எண்ணியவள் நான்.
என் நோட்டில் துண்டு விழுந்ததே இல்லை.
இப்போது விழுகிறது.
பென்சிலால் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்.
ஆள் வைத்து இவரை வீட்டிலேயே பார்த்துக்கொண்டால்
இவருடைய எண்பத்தாறு வயது நான்கு மாதம் வரை
பணம் தாங்கும்.
அதற்குப் பிறகு
நோட்டில் வெறும் கோடுகள்.

முதியோர் இல்லத்தில் இடம் கேட்க
மூன்றாம் நிலை வேண்டும்.
போன வருடம் இவருக்குக் கொடுத்தது முதல் நிலை.
மறுபடி மதிப்பிட
நகராட்சியிலிருந்து இன்று ஆள் வருகிறது.

நேற்றிரவே எழுதி வைத்துவிட்டேன்.
செருப்பை ஃபிரிட்ஜில் வைத்தது,
விடியற்காலை மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு
பனியில் போய் நின்றது,
குளிக்க மாட்டேனென்று என் மணிக்கட்டைத் திருகியது.
ஒன்றை மட்டும்
எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்.
காகிதத்தை நாலாக மடித்து
ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

காலையில் பார்த்தால்
ஐந்து மாதமாகத் தொடாத சவரக் கத்தியை எடுத்து
தோகுஜி தானே முகம் மழித்திருந்தார்.
கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார்.
யார் சொன்னார்கள் இவருக்கு?

வந்த பெண்ணின் பெயர் கமதா.
காலுறையில், கட்டைவிரல் பக்கம், சின்ன ஓட்டை.
முழுப்பெயர் சொல்லுங்கள் என்றாள்.
செகிகுச்சி தோகுஜி.
பிறந்த நாள்?
ஷோவா இருபத்தொன்று, நவம்பர் ஒன்பது.
இது என்ன பருவம்?
குளிர்காலம்,
ஆறு நாற்பது வண்டிக்கு முன்னால்
தண்டவாளம் சுத்தமாகியிருக்க வேண்டும் என்றார்.
அவள் சிரித்துக்கொண்டே ஏதோ குறித்தாள்.

கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியுமா?
நேற்று நானும் கதவு நிலையும் சேர்ந்து தூக்கிய மனிதர்
இன்று தானாகவே எழுந்தார்.
ஒற்றைக் காலில் நிற்க முடியுமா?
நின்றார்.
அவள் விநாடிகளை எண்ண எண்ண
நான் யென்களை எண்ணினேன்.
ஏழு, எட்டு.
விழு, என்று நினைத்தேன்.
விழுந்துவிடாதே என்றும் நினைத்தேன்.
எது முதலில் வந்தது என்று
எந்த நோட்டிலும் எழுத மாட்டேன்.
"இன்னும் நிற்கட்டுமா?" என்று கேட்டார் இவர்.

வாசலில் அவள் பூட்ஸ் மாட்டும்போது
காகிதத்தை நீட்டினேன்.
பிரிக்காமல் இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.
"எல்லா வீட்டிலும் இப்படித்தான்," என்றாள்,
"நான் போகிற நாளில்
எல்லோருக்கும் குணமாகிவிடுகிறது."

திரும்பி வந்தேன்.
தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.
முழங்கால் இரண்டும் உதறின.
கால்சட்டை நனைந்திருந்தது.
"எடுத்துக்கொள்வார்களா?" என்றார்.
"எதற்கு?"
"வேலைக்குத்தான். ரயில்வேயில் வயதைப் பார்ப்பார்கள்.
ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தில் திருப்தி இருந்தது."
குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
"ராத்திரி ராத்திரி நீ பென்சிலோடு உட்கார்ந்திருப்பதை
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
ஏப்ரலில் சம்பளம் வந்துவிடும்.
அதுவரை மட்டும்
எப்படியாவது இழுத்துப் பிடித்து ஓட்டு."

ஓட்டிவிடலாம் என்றேன்.
வெந்நீரும் துண்டும் எடுத்துவர உள்ளே போனேன்.
பின்கூரையிலிருந்து ஒரு பெரிய பாளம்
யாரும் தொடாமலே சரிந்து
தொப்பென்று விழுந்தது.
முப்பதாயிரத்தில் கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.