அட்மின் மட்டும்

ஆய்வுக்குழு வர இருபது நாள் இருக்கையில்
முதல்வர் அறையிலிருந்து சுற்றறிக்கை:
நூலகமும் சமூக ஊடகத்தில் இருக்க வேண்டும்.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதாம்.

இருந்தோம்.
இன்ஸ்டாகிராமில் பதினேழு பேர் பின்தொடர்ந்தார்கள்.
நால்வர் கைப்பை விற்பவர்கள்,
ஒருத்தி என் நாத்தனார்.
புதுவரவு அலமாரியைப் படமெடுத்துப் போட்டேன்.
கரிம வேதியியல், நான்காம் பதிப்பு.
ஒரே ஒரு இதயம் விழுந்தது.
நான் போட்டதுதான்.

வாட்ஸ்அப் குழு மட்டும் நிரம்பியது.
"நோ டியூ இதுலதான் வரும்" என்று
யுவராணி ஒரு புரளியைக் கிளப்பிவிட்டிருந்தாள்;
நூலக உதவியாளர், என்னைவிடக் கெட்டிக்காரி.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
முதல் நாள் காலை வணக்க ரோஜாக்கள்.
மறுநாள் பைக் விற்பனை.
மூன்றாம் நாள் பொருளாதாரத் துறை டில்லிபாபு
தன் காதல் முறிந்த கதையைக்
குரலிலேயே அனுப்பினான், நான்கு நிமிடம்.
பூட்டினேன்.
அட்மின் மட்டுமே பேசலாம்.
'அமைதி காக்கவும்' பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக்
கைப்பேசிக்குள் மாட்டியதுபோல்
நிம்மதியாக இருந்தது.

ஆறு மாதம் நானே பேசினேன்.
நிலுவைப் பட்டியல், வேலை நேரம்,
யாரும் நுழையாத ஒரு தரவுதளத்தின் கடவுச்சொல்.
பார்த்தவர்கள் பெயர் நீளமாக வரும்.
பார்த்தார்கள். அவ்வளவுதான்.

மார்கழியில் ஓர் இரவு, பதினொன்றே முக்காலுக்கு,
தனியாக ஒரு செய்தி.
செல்சியா, இரண்டாம் ஆண்டு விலங்கியல், எர்ணாவூர்:
"மேடம் தூங்கிட்டீங்களா
இங்க இன்னாவோ ஒரு வாடை வருது
அம்மாக்கு கண்ணு எரியுது
இத பத்தி நம்ம லைப்ரரில புக் இருக்கா"

புக்.
மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை
புத்தகம் கேட்கிறது.
இருக்கிறது. எனக்கு எண்ணே தெரியும்.
363.7392, மூன்றாம் வரிசை, கீழ்த்தட்டு,
எட்டுப் பிரதிகள், கடைசியாக வெளியே போனது 2011.
கொருக்குப்பேட்டையில் பூட்டிய கதவுக்குப் பின்னால்
அத்தனையும் பத்திரமாக.

புதுவண்ணாரப்பேட்டையில் என் ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
டீசலும் கருவாடும். வழக்கம்.
குழுவின் பூட்டை எடுத்தேன்:
"எல்லோரும் எழுதலாம்.
எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன வாடை.
வேறு எதுவும் வேண்டாம்."

கார்கில் நகர், 11.58, அழுகின முட்டை.
தாழங்குப்பம், 12.04, மூக்குல ஊசி ஏத்துறாப்ல.
மணலி, 12.10, கேஸ் வாடை, எங்க ஊட்டுது இல்ல மேடம்.
தண்டையார்பேட்டை, ஒண்ணும் இல்ல. ஏன்?
காசிமேட்டிலிருந்து டில்லிபாபு, இம்முறை எழுத்தில்:
காத்து வடக்கேருந்து. அப்பா போட்ல இருந்து சொல்றாரு.

கணினி வந்த வருடம்
தூக்கியெறிய மனமில்லாமல்
வீட்டுக்குக் கொண்டுவந்த பட்டியல் அட்டைகள் இருந்தன.
பின்பக்கம் வெறுமை.
இடம், நேரம், வாடை.
மூன்று வரி, என் பழைய கையெழுத்தில்.
வாடை என்றால் வடக்கத்திக் காற்று,
வாடை என்றால் நாற்றம்.
இரண்டு தலைப்புகளையும்
பிரித்து அடுக்கத்தான் எனக்குப் படிப்பு.
அன்று பிரிக்க முடியவில்லை.

இரண்டரைக்குக் காற்று திரும்பியது.
அறுபத்தோரு அட்டைகள்.
புகார் எண் காலைவரை
'மற்றொரு அழைப்பில் உள்ளது.'
பத்து மணிக்கு மண்டல அலுவலகத்தில் ஒருவர்
அட்டையைத் திருப்பிப் பார்த்து,
"இது இன்னா, ஷெல்லி கவிதைகள்னு போட்டிருக்கு?" என்றார்.
திருப்புங்கள் என்றேன்.

ஆய்வுக்குழு வந்தது, போனது.
மாதத்துக்கு எத்தனை பதிவு என்று கேட்டார்கள்.
கட்டம் சிறியது; ஓர் எண்ணை எழுதினேன்.
செல்சியா வந்து அந்த எட்டில் ஒன்றை எடுத்துப்போனாள்.
இன்னும் திருப்பவில்லை, அபராதம் ஏறிக்கொண்டிருக்கிறது.

குழுவை மறுபடி பூட்டவில்லை.
ரோஜாக்கள் வந்துவிட்டன.
பைக் இன்னும் விற்கவில்லை.