நூற்றெண்பது மில்லிநொடி

புகார் ஒரு கோடு.
காடாத் துணியின் குறுக்கே
வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரிகிற
மயிரிழைக் கோடு.
பல்லடத்து யாவாரி பதினோரு பீஸைத் திருப்பிவிட்டார்.

சோமனூருக்குத் தெற்கே
சென்னியப்பன் தறிக்குடோனில் பன்னிரண்டு தறி.
மெயின் ஷாப்ட்டுக்கு ஒன்று, பாவு விட ஒன்று,
துணி சுருட்ட ஒன்று என
தறிக்கு மூன்று சர்வோ.
மூன்றுக்கும் ஒரே டி.சி. பஸ்,
கணபதி மாடியறையில் நான் எழுதிய ஒரே நிரல்.
ஆகவே கோடும் என்னுடையது.

முதலில் கேபிளைச் சந்தேகித்தேன்.
ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்தேன்.
கோடு.
என்கோடரைக் கழற்றித் துடைத்து எண்ணினேன்,
சுற்றுக்கு ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து எழுபத்திரண்டு,
ஒன்றுகூடக் குறையவில்லை.
கோடு.
கெயினைக் குறைத்தேன், பாவு தொய்ந்தது.
கூட்டினேன், நூல் அறுந்தது.
அறுந்த இழையை முடிச்சிட்டபடி
துளசிமணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
"நீங்க வராதப்ப இது நல்லா ஓடுச்சுங்க."

ஒன்பதாம் நாள்
ஆசிலோஸ்கோப்பை பஸ்ஸில் மாட்டிவிட்டு
சன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
பதினொன்று நாற்பது.
பக்கத்துத் தென்னந்தோப்பில் ஒரு கிணறு செருமிற்று.
அக்கட்டால இன்னொன்று.
மும்முனை வந்த அதே நொடியில்
ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவைத்த கிணறெல்லாம்
சேர்ந்து வாய் திறந்தன.
திரையில் ஐந்நூற்று அறுபதிலிருந்து
முந்நூற்றுத் தொண்ணூறுக்கு ஒரு பள்ளம்.
நூற்றெண்பது மில்லிநொடி.
பிறகு கரையேறிவிட்டது.

அதற்குள் பயந்துபோன என் நிரல்
மூன்று மோட்டாரையும் கைவிட்டு,
பள்ளம் தூர்ந்ததும் மறுபடி பற்றிக்கொண்டு,
பிழைப்பதிவில்கூட எழுதாமல்
ஒன்றும் நடவாததுபோல ஓடியது.
கனத்த ஷாப்ட் தன் போக்கில் உருண்டிருக்கிறது,
லேசான சுருட்டுருளை நின்றிருக்கிறது,
இடையில் அகப்பட்ட நாலு ஊடை
நெருங்கிப் படுத்துக்கொண்டது.
மின்னழுத்தம் குறைந்தால் விடு:
நாலு வருடம் முன்பு
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று
பாதுகாப்பின் பெயரால் எழுதிய ஒற்றை வரி.

"ஏனுங்க, அந்த மொதல் கெணறு யாரோடதுங்க?"
"என்றதுதானுங்க," என்றார் சென்னியப்பன்.
"ஸ்டார்ட்டரை ஒரு நிமிசம் தள்ளி வெக்கலாமுங்களா?"
"நான் வெப்பனுங்க. மத்த பதினாறு கெணத்துக்காரங்க?
தென்னைக்குத் தெரியுமா உங்க டிரைவு?"

தெரியாது.
மூன்று இரவு உட்கார்ந்தேன்.

கைவிடாதே என்று எழுதினேன்.
சுற்றுகிற ஷாப்ட்டின் வேகத்தில்
கொஞ்சம் கைமாத்து வாங்கு.
மோட்டாரையே ஜெனரேட்டராக்கு,
பஸ்ஸை நானூற்று இருபதில் தாங்கு.
மற்ற இரண்டும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்,
ஷாப்ட்டின் கோணத்தைப் பார்த்தால் போதும்;
அது தளர்ந்தால் தளரட்டும்,
நிமிர்ந்தால் கூடவே நிமிரட்டும்.
கடனை அடைக்கிற அவசரத்தில்
நூலை அறுக்காதே.
(இந்தக் கடைசி வரிக்குத்தான் இரண்டு இரவு.)

மறுபடி பதினொன்று நாற்பது.
கிணறுகள் செருமின.
குடோனின் சத்தம் அரைச் சுருதி இறங்கி ஏறிற்று.
துளசிமணி மட்டும் தலையைத் தூக்கினாள்.
துணியை வெளிச்சத்தில் பிடித்தோம்.
இங்கேதான் இருக்க வேண்டும் என்று
எனக்குத் துல்லியமாகத் தெரிந்த இடத்தில்
துணி இருந்தது.

பதிப்பு 3.2.9.
குறைமின்னழுத்த நடத்தை சீர்செய்யப்பட்டது.
வெளியீட்டுக் குறிப்பில் அவ்வளவே.
பழைய வரியை நான் அழிக்கவில்லை,
முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
பள்ளங்களை எண்ண ஒரு கவுண்டரும் சேர்த்தேன்.

சித்திரையில் போன் செய்தேன்.
கோடு வருதுங்களா?
"கோடெல்லாம் இல்லீங்க.
கெணத்துலயும் தண்ணி இல்லீங்க.
ஒருத்தரும் மோட்டார் போடறதில்ல.
மழை பேஞ்சாச் சொல்றனுங்."

இங்கிருந்தே பதிவைத் திறந்து பார்த்தேன்.
பன்னிரண்டு தறி.
பள்ளம்: பூஜ்யம்.
பூஜ்யம்.
பூஜ்யம்.