எட்டு புள்ளி ஒன்பது

ஐப்பசி அடைமழை, மூன்றாம் நாள்.
அருங்காட்சியக வாசலில் கட்டிய பேனரில்
'ரத்தம் குடிப்போர் கதைத் திருவிழா'.
காற்றில் 'கதை' மட்டும் கிழிந்து தொங்க
மிச்சத்தை வாசித்துக்கொண்டு போகிறது
கோரிப்பாளையம் டவுன் பஸ்.

எங்கள் ரத்த வங்கி வண்டியை
அதே வாசலில் நிறுத்தச் சொன்னவர் காப்பாட்சியர்.
வேடிக்கை என்று நினைத்தாரோ,
கூட்டம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நினைத்தாரோ,
நான் கேட்கவில்லை.
ஊசி குத்துகிறவள் நான். பதினோரு வருஷம்.

சாப்பாட்டு இடைவேளையில் உள்ளே போய்ப் பார்த்தேன்.
முதல் அறையில் வெளிநாட்டுச் சீமான்கள்:
நீளக் கோட்டு, நீளப் பல்,
சவப்பெட்டிக்குள் பட்டு மெத்தை.
கண்ணாடியில் தெரியமாட்டார்களாம்.
கூப்பிடாமல் வாசப்படி தாண்டமாட்டார்களாம்.
பரவாயில்லை, மரியாதை தெரிந்தவர்கள்.

அடுத்த அறையில் நம்மவர்கள்.
தரையில் கால் பாவாத காட்டேரி.
பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறவள்.
உசிலம்பட்டிச் சாலைக்காக வெட்டிய
புளியமரத்தின் வயிற்றில் கிடைத்த
ஆணிகள் பதினேழு, துருவோடு, கண்ணாடிப் பெட்டிக்குள்.
பக்கத்தில் ஓர் அட்டை:
'ராத்திரியில் சுண்ணாம்பு கேட்பவளுக்குக்
கையால் கொடுக்காதே.
பாக்குவெட்டி நுனியில் தடவி நீட்டு.
இரும்பென்றால் அவளுக்கு ஆகாது.'

மூன்று மணி வரை பதினாலு யூனிட்.
கல்லூரிப் பையன்கள் செல்ஃபிக்காகப் படுத்தார்கள்.
பிளாஸ்டிக் கோரைப்பல் மாட்டிய ஒருவன்
ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சாய்ந்தான்.
பல்லைக் கழற்றிவிட்டு ஜூஸ் கொடுத்தோம்.

மூன்றரைக்குக்
காட்டேரியே வந்தாள்.
விரித்த தலை, மண்டை ஓட்டு மாலை,
வாயோரம் வழிந்த சிவப்பில் வெல்லப்பாகு வாசனை.
இரண்டு ஈ கூடவே ஏறின.
நாளைக்கு ஆறு காட்சி, ஐநூறு ரூபாய்.
பங்குனியிலிருந்து ஆடி வரை நாடக மேடை இருக்கும்,
ஐப்பசியில் யார் கூப்பிடுவார்?
பெயர் கேட்டேன்.
இருளாயி.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"எனக்கும் எடுங்க."
எதற்கு என்றேன், படிவத்தில் இல்லாத கேள்வி.
மூணு வருஷத்துக்கு முந்திப் பிரசவம், பெரியாஸ்பத்திரி.
ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க.
யாரு குடுத்ததுன்னு கேட்டேன்,
சொல்லக் கூடாதாம்.
"ஒண்ணாவது திருப்பிப் போட்டுட்டா
பாதிக் கணக்குத் தீரும்ல."

விரல் நுனியைத் துடைக்கத் துடைக்கச்
சிவப்புச் சாயம் பஞ்சில் வந்துகொண்டே இருந்தது.
குத்தினேன்.
பொய்ச் சிவப்புக்கு அடியிலிருந்து
அசல் ஒரு சொட்டு,
வெளிறி, கூச்சப்பட்டு, எட்டிப்பார்த்தது.
கருவி கொஞ்சம் யோசித்தது.
எட்டு புள்ளி ஒன்பது.
பன்னிரண்டரையாவது வேண்டும்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.
கண்மைக்கு உள்ளே சுண்ணாம்பு வெளுப்பு.

'உன் உடம்பில் ரத்தம் இல்லையம்மா' என்று
ஒரு ரத்தக் காட்டேரியிடம் எப்படிச் சொல்வது?
எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.
சொன்னேன்.
எதற்கும் சிரிக்கிற டிரைவர் சவுரிமுத்துகூட
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப என் கடன்?"
"நிக்கட்டும். வட்டி கிடையாது."

மருந்துப் பெட்டியைத் துழாவினேன்.
இரும்புச்சத்து மாத்திரை, மூன்று அட்டை.
ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு,
டீயோட போடாதே,
தீர்ந்ததும் ஆஸ்பத்திரிக்கு வா, என்றேன்.

உள்ளே அடுத்த காட்சிக்கு மணி அடித்தது.
அவள் கையை நீட்டினாள்.
அந்த அட்டை ஒரு கணம் ஞாபகம் வந்தது.
என்னிடம் பாக்குவெட்டி இல்லை.
உள்ளங்கையில் உள்ளங்கை பட
இரும்பைக் கொடுத்தேன்.

இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.
வாசலில் தேங்கிய தண்ணீரில்
இரண்டு காலும் நன்றாகப் பாவ,
சளப் சளப்பென்று ஓடினாள்.

கடைசிக் காட்சியில் அவள் அலறியது
வண்டி வரை கேட்டது.
நடுவே ஓர் இடத்தில் மூச்சு வாங்கி
நின்றுவிட்டுத் தொடர்ந்தாள்.
அந்த இடத்தில்தான்
பிள்ளைகள் ரொம்பப் பயந்தார்கள்.