பெயர் எழுதாத குழாய்

ஷட்டரைத் தூக்க இப்போதெல்லாம்
இரண்டு கையும் போதவில்லை.
டீக்கடை ஜோதிபாசு வந்து கீழே ஓர் உதை விடுவான்,
"எண்ண போடச் சொல்லுக்கா ஓனர" என்பான்.
கோளாறு ஷட்டரில்தான் என்று
நானும் சொல்லிவைத்திருக்கிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்
நின்ற இடத்திலேயே உறுமுகின்றன.
தாங்கியில் குழாய்கள் பல் கடிக்கின்றன.

லேடெக்ஸ் குப்பியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து
உள்ளங்கையில் மூடிக் குளிர் போக்குகிறேன்.
கை வீங்கியதில் ஒரே லாபம்
இந்தச் சூடு.

நேற்று எடுத்த ரத்தம். ஆர்.ஏ. ஃபேக்டர் மூன்று பேருக்கு.
ஐஸ் ஃபேக்டரி மாசிலாமணி, வயது எழுபத்தொன்று,
மகன் பணம் கட்டிய முழு உடல் பேக்கேஜ்.
காசிமேட்டில் இறால் உரிக்கும் சாந்தகுமாரி,
"தலையத் திருகுனா என் விரல்தாம்மா கழலுது."
மூன்றாவது குழாயில் பெயர் எழுதவில்லை.

கறுப்பு அட்டை, வட்டத்துக்கு ஒரு சொட்டு சீரம்,
மேலே ஒரு சொட்டு வெள்ளை.
இரண்டு நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்
என் மணிக்கட்டு இதை யோசிக்காமல் செய்தது.
இன்று ஒவ்வொரு சாய்வுக்கும் என்னைக் கேட்கிறது.

நான் தேடுவது இவ்வளவுதான்:
கிருமியைப் பிடிக்க உடம்பு அனுப்பிய காவலாளியை
அதே உடம்பின் இன்னொரு காவலாளி
பின்னாலிருந்து சட்டையைப் பிடித்திருக்கிறானா.
பிடித்திருந்தால் வெள்ளை திரியும்,
கெட்ட பால்போல, மணல் மணலாக.

மாசிலாமணிக்குத் திரிந்தது.
நான்கு மடங்கு நீர்த்தும் திரிந்தது. முப்பத்திரண்டு யூனிட்.
அவரோ ரிப்போர்ட்டுக்கு முன்பே வந்து
வாசலின் மூன்று படிகளை ஒரே தாவலில் இறங்கி
பீடி பற்றவைக்கிறார்.
வலியா, எனக்கா, என்று சிரிக்கிறார்.

சாந்தகுமாரிக்குப் பதினாறு மடங்கிலும் விடவில்லை.

மூன்றாவது வட்டம்
வழவழவென்று இருந்தது.
இரண்டு நிமிடம் தாண்டியும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஓரம் காய்ந்து, துகள் கூடுவதுபோலத் தெரிந்தது.
அது செல்லாது. குப்பியோடு வந்த தாளிலேயே
எழுதியிருக்கிறார்கள்.
நெகட்டிவ்.
பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்,
எழுதப் பெயர் இல்லாததால் திரும்ப மூடினேன்.
வட்டம் இல்லை என்றது. முஷ்டி மூடமாட்டேன் என்றது.
இந்த வட்டம் தவறவிடுகிறவர்களும் உண்டு,
டாக்டர் கையைத்தான் முதலில் பார்ப்பார்
என்று நான்தான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.

எட்டு மணிக்கு சாந்தகுமாரி வந்தாள்.
"கவர ஒட்டாதம்மா, பிரிக்க முடியல."
ஒட்டவில்லை.
விரல் படாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து
நீட்டினேன்.
அவளும் அப்படியே வாங்கினாள்.
ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.
"உனுக்கு எத்தினி மாசமா கீது?"

ஜூன்லேர்ந்து, என்றேன்.
வெளியே லாரி வரிசை
ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.