அச்சு எண் நாற்பத்தொன்று

தேரா. நாயிஃப் சாலைக்குப் பின்சந்து.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாதென்பது
ஆகஸ்ட் மாதத்துச் சட்டம்.
எங்கள் உலை கூரைக்குக் கீழே இருக்கிறது.
சட்டம் வாசலோடு நின்றுகொள்ளும்.

ஜுமைராவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்
ஓர் ஆங்கிலேய அம்மாளின் பழவெள்ளி, ஒரு பை:
கைப்பிடி போன கரண்டிகள், தேநீர் வடிகட்டி,
எங்கோ வாங்கிய ஒற்றைக் கொலுசு,
நாயின் பெயர் பொறித்த பதக்கம்.
எல்லாவற்றுக்கும் அடியில்
மீன்செதிள் மாதிரி ஒரு காசு.

தராசு சொன்னது: ஒன்று புள்ளி மூன்று கிராம்.
கதிர்ப்பெட்டி சொன்னது: வெள்ளி தொண்ணூற்றிரண்டு,
மிச்சம் செம்பு, ஈயம், தூசளவு பொன், துளி பிஸ்மத்.
விலைப்பலகை சொன்னது: நான்கு திர்ஹம் எண்பது ஃபில்ஸ்.
மூன்று கரக் சாயா, கொஞ்சம் சில்லறை.

ஒரு பக்கம் ராஜா. மூக்கு தேய்ந்துவிட்டது.
மறுபக்கம் சிலுவை, சுற்றிலும் எழுத்து.
லென்ஸை அழுத்திப் பிடித்து
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
ஓசுல்ஃப்.
ஊர்ப்பெயர் விளிம்போடு வெட்டுப்பட்டிருந்தது.

இரவு மேல்கட்டிலில் கிடந்து ஃபோனில் தேடினேன்.
ஆயிரம் வருஷத்துப் பென்னி.
ராஜாக்களுக்குப் பக்கம் பக்கமாக இருந்தது.
ஓசுல்ஃபுக்கு ஒரு வரி இல்லை.
அவன் வகையறாவைப் பற்றி மட்டும் கொஞ்சம்:
காசில் அவர்கள் பெயரைப் போட்டது பெருமைக்கு அல்ல.
எடை குறைந்தால், செம்பு மிகுந்தால்
யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே.
பிடிபட்டவனின் கையை வெட்டி
அவன் பட்டறை மேலேயே ஆணியடிப்பார்களாம்.

ஃபோனை அணைத்துவிட்டு
வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நான் சோதித்து அனுப்பும் கட்டிகளில் பெயர் கிடையாது.
நாற்பத்தொன்று என்று ஓர் எண்.
அதுவும் இதற்குத்தான்.

பெயர் இருக்கிறது, இசக்கியப்பன் என்று.
அட்டையில் அதை இரண்டாக உடைத்து
பின்பாதியைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள்.
சம்பளப் பிரிவு முதல் கூரியர் பையன் வரை
எல்லோருக்கும் நான் மிஸ்டர் அப்பன்.
பெண் அமையாதவனை இத்தனை பேர்
அப்பா என்று கூப்பிடுகிறார்கள்.

மறுநாள் மறுபடி பார்த்தேன்.
ஓசுல்ஃபின் பெயரில் 'எஸ்' மட்டும் திரும்பி நிற்கிறது.
கொஞ்ச நேரம் புரியவில்லை.
அச்சில் எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும்.
நாள் முழுக்க மாற்றி மாற்றி வெட்டியவன்
தன் பெயருக்கு வந்தபோது
ஓர் எழுத்தை, ஒரே ஓர் எழுத்தை,
உள்ளபடி எழுதிவிட்டான்.
பசியாக இருக்கலாம்.
யாராவது கூப்பிட்டிருக்கலாம்.

உலைக்கார ஷீராகா பஞ்ச்ஷீர்க்காரன்.
"பிஸ்மத்தா? எங்கள் மலை வெள்ளியில் அது உண்டு என்பார்கள்.
அந்தக் காலத்தில் வடக்கே எங்கெங்கோ போனதாம்.
அப்படியென்றால் இது எனக்கு வரவேண்டிய பாக்கி"
என்று சிரித்தான்.
பிறகு இடுக்கியை நீட்டினான்.
"போடு. ஷிஃப்ட் முடியப்போகிறது."

அம்மாளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன்.
விமானத்திலிருந்தோ எங்கிருந்தோ
ஒரு வரி வந்தது:
எல்லாவற்றையும் உருக்கிவிடவும், நன்றி.
காசு என்று நான் எழுதியதை
அவள் படித்தாளா, தெரியாது.
திரும்ப எழுதினேன்.
பதில் இல்லை.

கரண்டி போயிற்று. கொலுசு போயிற்று.
நாயின் பெயர்கூடப் போயிற்று,
அதை ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள்.

பதிவேட்டில் எடை குறைவு: ஒன்று புள்ளி மூன்று.
பொறுப்பு: நாற்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
ஓசுல்ஃப் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.
'எஸ்'ஸைத் திருப்பியே போட்டேன்.

காசு உறையில் இருக்கிறது,
மூன்றாம் இழுப்பறையில்,
அம்மாளின் விலாசம் ஒட்டி.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்தது.
மிஸ்டர் அப்பன். பிடித்தம்:
நான்கு திர்ஹம் எண்பது ஃபில்ஸ்.
அவ்வளவுதான்.
கை இருக்கிறது.