மண் இறங்கிய நாள்

துறைமுகத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை.
குளிர்பதனப் பெட்டி, கார், கண்ணாடிக் கதவு,
ஒருமுறை யாருக்கோ பெயர் பொறித்த கல்லறைக் கல்.
கல்லே ஊராய்க் கிடக்கும் எங்களுக்குக்
கல்லையும் கப்பலில் அனுப்புகிறார்கள்.
எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன்.
மண்ணுக்குப் போட்டது இதுவே முதல் தடவை.
பன்னிரண்டு மூட்டை.
பெறுநர்: நானே.

நூக் நகரில் வீடுகள் பாறைமேல் நிற்கின்றன.
என் பின்வாசலில் கடப்பாரை வைத்தால்
பொறிதான் பறக்கும்.
கீழே போக வழியில்லாத இடத்தில்
தோட்டம் மேலேதான் ஏறியாக வேண்டும்.

பலகை கொடுத்தவன் பக்கத்து வீட்டு உயரக்,
கிரேன் ஓட்டுகிறவன்.
அவன் பெயருக்கு எங்கள் மொழியில் கல் என்று அர்த்தம்.
மீன்பெட்டிகளைப் பிரித்து ஆணி அடித்தபடி சொன்னான்:
"படகுக்கு நீளம் பத்தாது,
சவப்பெட்டிக்கு அகலம் ஜாஸ்தி.
என்னதான் செய்கிறோம் நாம்?"

முழங்கால் உயரம், ஒரு கதவின் நீளம்.
அடியில் கடற்பாசி,
அதன்மேல் போன வருஷம் காயவைத்து
நாய்கள்கூடத் தொடாத மீன்.
முன்பக்கப் பலகையில் நீல எழுத்து அழியாமல் இருந்தது:
உறைநிலையில் வைக்கவும்.
சுரண்டிவிடச் சொன்னாள் என் மகள் இவாலு.
விதை அதைப் படித்துவிட்டால்?

மூட்டைகளைக் கிழித்துக் கொட்டினோம்.
கறுப்பு. ஈரம்.
நான் போயிராத ஏதோ ஒரு காட்டின் மழை
என் நகக்கண்ணில் ஏறிக்கொண்டது.

ஒன்பதாவது மூட்டையில்
அது நெளிந்தது.

இவாலு கையைப் பின்னுக்கு இழுத்தாள்.
புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள்.
"அம்மா, இதற்கு முகம் எந்தப் பக்கம்?"
எனக்கும் தெரியவில்லை.
உயரக் குந்தி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி,
வெகுநேரம் பார்த்தான்.
கிரேனில் எத்தனை டன் தூக்கியவன்,
ஒரு மண்புழுவுக்கு மூச்சை அடக்கினான்.

சரக்குப் பட்டியலில் அது இல்லை.
எழுதப்படாமல் வந்த உயிரை
உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி.
போன வருஷம் ஒரு மாலுமியின் புறாவை
வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பியவள் நான்.
அவன் கெஞ்சினான். நான் படிவத்தைக் காட்டினேன்.

இப்போது இரண்டு கை மண்ணை அள்ளி
அதன்மேல் போட்டு மூடினேன்.
உயரக் தொப்பியைப் போட்டுக்கொண்டு
கடலைப் பார்த்தான்.

நாற்பது முள்ளங்கி விதை ஊன்றினோம்.
காற்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக்கொண்டு
தேவாலயம் வரைக்கும் போனது.
அண்டங்காக்கை ஒன்று பாத்தி விளிம்பில் உட்கார்ந்து
தினமும் கணக்குப் பார்த்தது.
முளைத்தவை பதினொன்று.
உருண்டவை ஏழு.
அதில் ஒன்றை, பச்சையாக, உப்பில்லாமல்,
மூன்று பேரும் பங்கிட்டுக் கடித்தோம்.
காரத்தில் இவாலுவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.
இன்னொன்று கேட்டாள்.

ஜூன் மாதத்து இருட்டாத இரவுகளில்
பலகையில் காதை வைத்துப் படுத்திருப்பாள்.
என்ன கேட்கிறது என்று நான் கேட்டதில்லை.
எனக்கு அந்தப் புறாவின் ஞாபகம் வரும்.

அக்டோபரில், சுரண்டாமல் விட்ட அந்த வரி
பலிக்கத் தொடங்கியது.
பழைய மெத்தை, ஆட்டு ரோமம், கிழிந்த கோட்டு,
அகப்பட்டதையெல்லாம் பாத்திமேல் போட்டேன்.

"முள்ளங்கிதான் தின்றாச்சே,
யாருக்குப் போர்த்துகிறாய்?"
என்றான் உயரக்.

கேட்டுவிட்டு உள்ளே போனவன்,
தன் கம்பளியோடு வந்தான்.